வீட்டு நார்மல்

குப்பியைக் குலுக்கக் கூடாது என்று காகிதத்தில் போட்டிருந்தது. ஐஸ் பெட்டியில் வந்த சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே இருந்த மஞ்சள் தூளில் ஐந்து மில்லி சுத்தத் தண்ணீர் விட்டு, நுரை கட்டாமல், அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். தண்ணீர் விட்டாகிவிட்டது. அப்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து மணி ஐந்து நிமிஷம். விட்டது கூட வேலை பார்க்கிற மாரிச்செல்வி. குலுக்கக் கூடாத ஒன்றைக் கோமதிநாயகத்தின் கையில் கொடுக்கிற அளவுக்கு அந்த லேபில் யாருக்கும் புத்தி கெட்டுவிடவில்லை, அவருக்கே கெடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். வழக்கமாகக் காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் முன் எவர்சில்வர் டம்ளரில் இரண்டு மடக்கு, கஷாயம் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. அதற்கப்புறம் கை சொன்னபடி கேட்கும். லேபுக்குள் வந்துவிட்டால் ஸ்பிரிட் வாசனையில் எல்லா வாசனையும் ஒன்றுதான். இன்றைக்கு அந்த இரண்டு மடக்கு இல்லை. சென்னையிலிருந்து லேபின் சொந்தக்கார டாக்டரம்மா வீடியோவில் கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று மாரிச்செல்வி நேற்றே சொல்லியிருந்தாள். வீடியோவில் வாசனை போகாது என்பது, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷம் விஞ்ஞானம் பார்த்த மனுஷர். இருபத்தாறு நிமிஷம் இருக்கிறது இன்னும். இருபத்தைந்து.

குப்பியில் இருப்பது விடை தெரிந்த கணக்கு. மெஷினில் போட்டால் நாற்பத்திரண்டு வர வேண்டும். வந்தால் மெஷின் உண்மை பேசுகிறது, வராவிட்டால் பொய் பேசுகிறது. அவ்வளவுதான், அதில் வாதாட ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு குப்பி இந்த லேபுக்குள் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் அந்தக் குப்பியின் வேலையைக் கோமதிநாயகத்தின் உடம்பு பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் ஆவுடையப்பன் இருந்த காலம். கம்பெனிக் குப்பி பம்பாயிலிருந்து வர வேண்டும், வருவதற்குள் ஐஸ் உருகிவிடும். ஒரு நாள் டாக்டர் அவர் முதுகில் தட்டி, "டே கோமதி, ஒன் ரத்தம் தங்கம்டே. எப்பப் போட்டாலும் முப்பது. இனிமே நீதான் நமக்கு நார்மல்" என்றார். கல்லீரலுக்குள் இருக்க வேண்டிய ஒரு சரக்கு, கல்லீரல் புண்பட்டால் கசிந்து ரத்தத்துக்கு வரும். அதைத்தான் அந்த டெஸ்ட் எண்ணுகிறது. நாற்பது வரை பரவாயில்லை. மேலே போகப் போக உள்ளே ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோமதிநாயகத்துக்கு முப்பது. அன்றிலிருந்து மாதம் முதல் தேதி தன் ரத்தத்தைத் தானே எடுத்து, 'வீட்டு நார்மல்' என்று சீட்டு ஒட்டி, முதல் ஆளாக மெஷினில் போடுவார். முப்பது வந்தால் ஊரார் ரத்தத்தை அதன் பிறகு போடலாம். பாளையங்கோட்டையில் பாதிப் பேருடைய ஈரலுக்கு அவர் ஈரல்தான் அளவுகோல். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வரும். இப்போதும் வருகிறது, அது வேறு காரணம். இரண்டு வருஷமாக மார்பு பெண்பிள்ளைக்குத் திரள்கிற மாதிரி திரண்டு, பனியனுக்குள் வலிக்கிறது. எடை போட்டுவிட்டது என்று சட்டையை ஒரு அளவு கூட்டித் தைத்துக்கொண்டார். எடை போட்டவனுக்குக் கை கால் மட்டும் ஏன் குச்சியாகும் என்று தையல்காரன் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏழு மணி. எதை நினைத்தாலும் ஏழு மணிக்குப் போய்த்தான் நிற்கிறது. காலை பத்தேகாலுக்கு உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் ஏழு மணியை நினைக்கிற நாக்கு. மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றில் அவர், ஒன்றில் நம்பி. பெண்டாட்டி உலகம்மாளின் தம்பி நம்பிராஜன், மின்வாரியத்தில் லைன்மேன். இரண்டு ரவுண்டு. அதற்கு மேல் கிடையாது, அதற்குக் கீழும் கிடையாது. குடிகாரன் என்றால் யார்? ரோட்டில் விழுகிறவன், வேட்டி அவிழ்கிறவன், பெண்டாட்டியை அடிக்கிறவன். அவர்கள் இரண்டு பேரும் எந்த நாளும் விழுந்ததில்லை. சத்தம் போட்டதில்லை. உலகம்மாள் வறுத்த கடலையை மாடிப்படி வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பதினாறு வருஷம், ஒரு நாள் தவறாமல். சாமி கும்பிடுவதில் கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அந்த ஒழுங்கைத்தான் அவர் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். மாடி தொடங்கி இரண்டு வருஷத்தில் ஒரு முதல் தேதி, வீட்டு நார்மல் முப்பத்தெட்டு காட்டியது. மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றார். வேறு என்னவாக இருக்கும், நார்மல் எப்படி நார்மல் இல்லாமல் போகும்? மெஷினுக்குள் ஃபாக்டர் என்று ஒரு எண் இருக்கிறது. அது கண்டதை அந்த எண்ணால் பெருக்கித்தான் விடை சொல்லும். கம்பெனி வைத்த எண் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு. அதை ஆயிரத்து நானூறு ஆக்கினார். முப்பது வந்தது. பெரிய டாக்டர் அதற்குள் படுத்த படுக்கை, கேட்க ஆளில்லை. அடுத்த வருஷம் ஆயிரத்து நூறு. அப்புறம் தொள்ளாயிரம். ஒரு தடவைகூட மெஷின் எதிர்த்துப் பேசியதில்லை. பச்சைத் துண்டு. எதற்கு இப்போது பச்சைத் துண்டு ஞாபகம் வருகிறது? வெளியே பெஞ்சில் யாரோ இருமுகிறார்கள், அதனால் இருக்கும். அந்த ஆளும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில். பச்சைத் துண்டைத் தோளில் போட்டிருந்தார், வயிறு மட்டும் மடியில் தனியாக உட்கார்ந்திருந்தது. அவருடைய நம்பர் முப்பத்தைந்து. இவர் ஓடிப்போய், "நார்மல் சார்" என்று சீட்டை நீட்டினார். பெரிய டாக்டர் சீட்டைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார், சிரித்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார்? நுனி நாக்கில் இருக்கிறது, வரவில்லை. வராவிட்டால் போகட்டும். பதினெட்டு நிமிஷம்.

"அண்ணாச்சி" என்றாள் மாரிச்செல்வி. முப்பத்தைந்து வயதுக்காரி, தென்காசி லேபில் பத்து வருஷம் இருந்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன்பு இங்கே வந்தவள். லேபுக்குச் சர்டிபிகேட் வாங்க வேண்டும், கம்பெனிக் குப்பி இல்லாமல் தர மாட்டார்கள் என்று டாக்டரம்மாவிடம் சொன்னதே அவள்தான். காலையில் அவர் எடுத்துவைத்த ரத்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். சுழற்றி இறக்கிய குழாய். அடியில் சிவப்பு, மேலே தெளிந்த நீர். "ஒங்க சீரம் ஏன் இப்படி மஞ்சளா இருக்கு? நல்லெண்ணெ மாரிலா இருக்கு."

"பப்பாளி சாப்பிட்டேன் நேத்து" என்றார் கோமதிநாயகம்.

"பப்பாளிக்கு இவ்வளவா வரும்?"

"ரெண்டு நாளா சாப்பிடுதேன்."

அவள் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டாள். பப்பாளி. அவர் பப்பாளியைத் தொட்டு ஒரு வருஷம் இருக்கும். சோற்றைக் கண்டாலே தொண்டை அடைக்கிறது. ஆனால் விடை தயாராக இருந்தது பாருங்கள், கை நடுங்குகிறவனுக்கு நாக்கு நடுங்கவில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. கால் வீக்கத்துக்கு ஸ்டூல், நாள் பூராத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் வீங்காது. அமுக்கினால் விரல் குழி அப்படியே நிற்கிறது என்றால், அது வயசு. நெஞ்சில் சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள், அது கொசு. உள்ளங்கைச் சிவப்பு, அது ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதன் அடையாளம். பல் தேய்த்தால் எச்சிலில் ரத்தம், பிரஷ் மாற்ற வேண்டும். இரவெல்லாம் விழித்துக் கிடந்து பகலில் தூங்கி விழுவது, அது நம்பி செத்த துக்கம். போன வாரம் ஒரு கிழவியின் கையில் நான்கு தடவை ஊசி குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. கிழவி அழுதாள். அவர் அவளைத் திட்டினார், "ஒடம்புல ரத்தம் இருந்தாத்தானே வரும்" என்று. மாரிச்செல்வி வந்து ஒரே குத்தில் எடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அவரிடம் ஒரு பெரிய விடை இருந்தது: அவர் நம்பர். எழுநூறில் நிறுத்திய ஃபாக்டரை அவர் நான்கு வருஷமாகத் தொடவே இல்லை, தொடத் தேவைப்படவில்லை. இரண்டு வருஷமாக வீட்டு நார்மல் தானாகவே இறங்கிக்கொண்டு வந்தது. முப்பது, இருபத்தாறு, இருபத்தொன்று. போன மாதம் பதினைந்து. ஏறியபோது மெஷினைக் குறை சொன்னவர், இறங்கியபோது உடம்பைப் பாராட்டினார். அளவோடு குடித்தால் உடம்பு பழகிக்கொள்ளும் என்று நம்பியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நம்பி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான்.

நம்பி வேண்டாம். வேறு ஏதாவது நினைக்கலாம். குப்பியில் தூள் கரைந்துவிட்டது, அடியில் ஒரு கட்டி மட்டும் இருக்கிறது, அதுவும் கரைந்துவிடும். பச்சைத் துண்டு. அந்த ஆளின் பிள்ளை பிறகு வந்தான், ரிப்போர்ட் வாங்க, மொட்டைத் தலையோடு. இல்லை, அதுவும் வேண்டாம். நான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் நம்பி லேபுக்கு வந்தான், காக்கிச் சட்டையோடு, பயந்துபோய். பசி இல்லை, வலது பக்கம் பாரமாக இருக்கிறது, கம்பத்தில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் அத்தான் என்றான். அன்றைக்கு முதல் தேதி. இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டார். ஃபாக்டர் தொள்ளாயிரத்தில் இருந்தபோதே அவருக்கு முப்பத்தொன்பது, நம்பிக்கு நாற்பத்துமூன்று. மெஷினுக்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் நின்றார்? கை அப்போது நடுங்காது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஏறுமா என்று யோசித்தார். ஒருத்தனுக்கு ஏறினால் உடம்பு, இரண்டு பேருக்கும் ஏறினால் மெஷின். இதுதான் அவர் போட்ட கணக்கு. இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் குடிக்கிறவர்கள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. எழுநூறு. நம்பிக்கு முப்பத்துநான்கு வந்தது. சீட்டில் எழுதி, பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நம்பி அதைப் பர்சில் வைத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி சண்டைக்கு வரும்போதெல்லாம் எடுத்துக் காட்டினான். "அத்தானே டெஸ்ட் எடுத்துச் சொல்லிட்டாவ, ஒனக்கு அத்தானை விட அதிகமாத் தெரியுமா?" அன்றைக்குச் சாயங்காலம் மாடியில் மூன்றாவது ரவுண்டு ஊற்றினார்கள், சந்தோஷத்துக்காக. வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் மூன்று. போன ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்தது, நம்பி குளியலறை வாளியில் ரத்தமாக வாந்தி எடுத்தான். வாளி பாதி. தலையைப் பிடித்துக்கொண்டது அவர்தான். எத்தனையோ குழாய் ரத்தம் பார்த்த கண்ணுக்கு அவ்வளவு ரத்தத்தைப் பார்த்தபோது ஒன்றுமே தோன்றவில்லை, வாளியை யார் கழுவுவது என்றுதான் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் அவருக்குத் தன்மேல் குமட்டல் வருகிறது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நினைவு தப்பும் முன் நம்பி, "நார்மல்னுதானே அத்தான் சொன்னிய" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். அவர், "ஆமா நம்பி, இது அல்சரு" என்றார். அல்சர் என்றே ஊரில் எல்லோருக்கும் சொன்னார். உலகம்மாள் நம்பினாள். அவள் நம்புவதற்கென்றே பிறந்தவள்.

"அரை மணி ஆயிட்டு" என்றாள் மாரிச்செல்வி. குப்பியை இரண்டு விரலால் மெல்லச் சுற்றினாள், நுரை இல்லை. மருந்தோடு கலந்து மெஷினின் குழாயில் வைத்தாள். மெஷின் ஒரு நிமிஷம் உறிஞ்சி, ஒரு நிமிஷம் யோசித்தது. அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சொல்லிவிடலாமா? 'நான்தான் மாற்றினேன்', மூன்று வார்த்தைகூட இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. பப்பாளிக்குப் புரண்ட நாக்கு.

"பதினேழுல்லா காட்டுது."

அவள் இன்னொரு தடவை போட்டாள். பதினேழு. காகிதத்தைப் பார்த்தாள், மெஷினின் பொத்தான்களை அமுக்கி உள்ளே போனாள், அங்கே அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அண்ணாச்சி, ஃபாக்டர் எழுநூறுன்னு கெடக்கு. இதை யாரு மாத்துனா?"

"பெரிய டாக்டர் காலத்துலயே அப்படித்தான்" என்றார். செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை.

அவள் புத்தகத்தைப் பார்த்து ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தாறு என்று ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கண் சிமிட்டியது. குப்பி மறுபடி போனது. நாற்பத்திரண்டு. அதோடு போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. "அப்ப இத்தனை வருசமா எல்லாருக்கும் பாதிக்கும் கீழ காட்டியிருக்குல்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அவருடைய குழாயை எடுத்தாள். கோமதிநாயகத்தின் மனசு வேகமாகப் பெருக்கியது. இரண்டரை மடங்கு. பதினைந்துக்கு இரண்டரை. அவருக்கு அந்தப் பெருக்கல் தெரியும். அரை மணி நேரமாக எல்லாவற்றையும் நினைத்தவர் இதை மட்டும் பெருக்காமல் வைத்திருந்தார். மெஷின் உறிஞ்சியது. மெஷின் யோசித்தது.

"முப்பத்தேழு" என்றாள். அவள் முகமே மாறிவிட்டது. "ஒங்களுக்கு நார்மல்தான் அண்ணாச்சி. நாப்பதுக்குள்ளதான் இருக்கு. மஞ்சளைப் பாத்து நான் ஒரு நிமிசம் பயந்தே போயிட்டேன்."

ஒரு மூச்சு விடுகிற நேரம் அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன்? நம்பி போனான், நான் தப்பினேன் என்று ஒரு சந்தோஷம், அசிங்கமான, சூடான சந்தோஷம், முதல் மடக்கு இறங்குகிற மாதிரி வயிறு வரைக்கும் இறங்கியது. அங்கே போய் நின்றது. வயிறு மடியில் உட்கார்ந்திருந்தது. எப்போது இது மடி வரைக்கும் வந்தது? பெஞ்சில் பச்சைத் துண்டு போட்ட ஆள் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், மஞ்சள் கண்ணால், கொஞ்சம் பரிதாபமாக. பெரிய டாக்டர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது வருஷமாக நுனி நாக்கில் நின்ற பேச்சு முழுசாக வந்தது. "எரியுத வீட்டுலதாம்டே பொகை வரும். எரிஞ்சு முடிஞ்ச வீட்டுல எங்கேருந்து வரும்? கசியதுக்கு அந்த ஆளுக்கு உள்ள என்னடே மிச்சம் இருக்கு?" பதினோராம் நாள் அந்தப் பிள்ளை மொட்டைத் தலையோடு வந்து, அப்பாவுடைய ரிப்போர்ட் நார்மல் என்று இருக்கிறதே என்று கேட்டான். கோமதிநாயகம்தான் பதில் சொல்லி அனுப்பினார். என்ன பதில் என்று ஞாபகம் இல்லை. அல்சர் என்றாரோ என்னவோ. இரண்டு வருஷமாக இறங்கிக்கொண்டே வந்தது உடம்பு தேறியதால் அல்ல, விறகு தீர்ந்ததால். நாளுக்கு இரண்டு ரவுண்டு, ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல்.

போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். உலகம்மாள். தம்பி போனதிலிருந்து அவளுக்குப் புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. மெஷினைச் சரிபார்க்கிறார்கள் என்று காலையில் வாய் தவறிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"என்னங்க, ஒங்களுக்குப் பாத்தாச்சா? எவ்வளவு?"

"முப்பத்தேழு."

"அப்படின்னா?"

"நார்மல்."

அந்த மெஷின் பதினான்கு வருஷத்தில் அவருக்குச் சொன்ன முதல் உண்மை அது. அதைத்தான் அவர் அவளிடம் சொன்னார், ஒரு எண் கூட்டாமல் குறைக்காமல். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அது போதும் எனக்கு" என்றாள். "நம்பிக்கும் நார்மல்தான் இருந்துது, பாழாப்போன அல்சரு கொண்டு போயிட்டு. ஒங்களையாவது விட்டுவச்சிருக்கே. சாயங்காலம் மாடிக்குக் கடலை வறுக்கட்டா, முறுக்கு இருக்கு, அது போதுமா?"

"முறுக்கு போதும்" என்றார்.

மாரிச்செல்வி பழைய ரிஜிஸ்தர்களை அலமாரியிலிருந்து இறக்கி மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்த டெஸ்ட் எடுத்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு மறுபடி வரச் சொல்ல வேண்டும் என்றாள்; டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு இன்றைக்கே ஆரம்பித்துவிடலாம், போன வருஷத்திலிருந்து பின்னோக்கிப் போவோம் என்றாள். பின்னோக்கிப் போனால் நான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் நம்பி இருக்கிறான். போன் நம்பரும் எழுதியிருக்கிறது, இவர் கையெழுத்தில். அவள் தாங்கியிலிருந்த குழாயை இன்னொரு முறை பார்த்தாள். "எதுக்கும் மஞ்சக்காமாலைக்கும் ஒண்ணு போட்டுப் பாத்துருவமா அண்ணாச்சி? சீரம் மிச்சம் இருக்கு."

"வேண்டாம்" என்றார் கோமதிநாயகம். "அதைக் கீழ ஊத்திரு."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு ஊற்றினாள். பிறகு இன்றைய தாளை அவர் பக்கம் தள்ளினாள். வீட்டு நார்மல், முப்பத்தேழு, பக்கத்தில் கட்டம் காலியாக இருந்தது. அவர், மறுபடி தொடைக்கு அடியில் போயிருந்த கையை எடுத்து, பேனாவைப் பிடித்து, 'நார்மல்' என்று எழுதத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே பேனா கோட்டைத் தாண்டி ஓடியது. மாரிச்செல்வி தாள் நகராமல் இருக்க இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.